திருக்கல் முதல் டொல்பின் வரை: ஈழத்து வாடகை வண்டிகளும் அவற்றின் பெயர்களும்

ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஆராய்வதில் நம்மவர் காட்டிவந்த ஆர்வம் பெரிது. ஒரு குளத்தின் பெயரையோ குறிச்சியின் பெயரையோ கொண்டு குடியேற்றத்தின் காலத்தை நிறுவ முற்படுவோர் நம்மிடையே பலர். ஆனால் நாள்தோறும் நாம் ஏறி இறங்கும் வண்டிகளின் பெயர்கள் அத்தகைய கவனத்தைப் பெற்றனவல்ல. அவை நேற்று வந்தவை, அந்நியச் சொற்கள், ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்தாது. நேற்று வந்த சொல்லுக்கும் வரலாறு உண்டு. சில வேளைகளில் அது முன்னைய சொல்லின் வரலாற்றினும் தெளிவாகத் தெரியக்கூடியது.

யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ ஒருவர் திருமணத்துக்கோ தலயாத்திரைக்கோ வான் பிடிக்கப் போகிறார் எனக் கொள்வோம். 'டொல்பினா, கே.டி.எச்.ஆ? ஹைரூபா, பிளாற்றா? ஏ.சி. போட்டோ, போடாமலோ? போகமட்டுமா, போகவரவா?' என்று கேள்விகள் அடுக்கடுக்காய் வருகின்றன. இச்சொற்களுள் ஒன்றுதானும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது அரிது. அப்புத்தகம் அவ்வண்டியை வான் என்றுகூட வகைப்படுத்துவதில்லை. ஆட்களையும் பொருள்களையும் ஒருங்கே ஏற்றத்தக்க இருபயன் வாகனம் என்பதே மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் அதற்குத் தரும் வகைப்பெயர். உற்பத்தி செய்த கம்பனி ஒரு பெயரால் அழைக்கிறது. சட்டம் வேறொரு பெயரால் அழைக்கிறது. சந்தியில் நிற்கும் சாரதி இன்னொரு பெயரால் அழைக்கிறான். இம்மூன்று பெயர்களும் எவ்வாறு தோன்றின, அவற்றிடையே உள்ள இடைவெளி யாரைப் பாதிக்கிறது என்பனவே இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

முதலிற் சொற்களின் பிறப்பைச் சிறிது காண்போம். நம் முன்னோர் பாரமேற்றும் மாட்டுவண்டியைக் கரத்தை என்றனர். இது போர்த்துக்கேய மொழியின் 'கரேற்றா' என்னும் சொல்லின் வழி வந்தது. சிங்களத்திலும் இச்சொல் கரத்தய என வழங்குகிறது. அப்போர்த்துக்கேயச் சொல்லின் மூலம் வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்னும் இலத்தீன் சொல். ஆங்கிலத்தின் 'கார்' என்பதும் அதே வேரிலிருந்து பிறந்தது. எனவே பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஒரு வாயில் வழியாகவும் இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வாயில் வழியாகவும் ஒரே சொல் இருமுறை நம் மொழியுட் புகுந்திருக்கிறது. முதன்முறை வந்தது ஏழையின் வண்டிக்கும், இரண்டாம் முறை வந்தது செல்வனின் வண்டிக்கும் பெயராயிற்று.

கோச்சி என்னும் சொல்லின் கதை இதனினும் சுவையானது. 1832 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே அஞ்சற் குதிரைவண்டிச் சேவை தொடங்கிற்று. ஆங்கிலேயர் அதனைக் கோச் என்றனர். 1867 இற் புகைவண்டி கண்டியை அடைந்தபின் குதிரைகள் மறைந்தன. பெயரோ மறையவில்லை, இரும்புப் பாதையில் வந்த புதிய வண்டியின்மேற் சென்று ஏறிக்கொண்டது. சிங்களவரின் கோச்சியவும் மலையகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் வழங்கிய கோச்சியும் இவ்வாறு புகைவண்டியைக் குறிக்கலாயின. ஹங்கேரி நாட்டின் கொச் என்னும் சிற்றூரில் வண்டி செய்தோரின் ஊர்ப்பெயர் பளையிலும் கொடிகாமத்திலும் புகைவண்டிக்கு ஆகிவந்தது எவ்வளவு நீண்ட பயணம்!

பஸ், வான் என்னும் இரண்டும் வாலை மாத்திரம் வைத்துக்கொண்டு தலையை இழந்த சொற்கள். 'ஒம்னிபஸ்' என்பது இலத்தீனில் 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும். அதில் பொருளைத் தாங்கும் பகுதி ஒம்னி; பஸ் என்பது வெறும் வேற்றுமை உருபின் ஈறு. தமிழிற் கூறுவதானால் 'அனைவர்க்கும்' என்பதிற் 'க்கும்' என்பதை மட்டும் எடுத்து ஒரு வண்டிக்குப் பெயரிட்டதை இஃது ஒக்கும். வான் என்பதோ 'கரவன்' என்னும் சொல்லின் ஈற்றுப்பகுதி. பாரசீகத்தில் கார்வான் என்பது பாலைவழியே கூட்டமாகச் செல்லும் வணிகரையும் அவர்தம் ஒட்டகங்களையும் குறித்தது. ஆங்கிலத்தில் அது கூடாரமிட்ட பெருவண்டியைக் குறிக்கத் தலைப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'வான்' எனக் குறுகிற்று. நிசான் கம்பனியார் தமது வண்டியொன்றுக்கு 'கரவான்' எனப் பெயரிட்டபோது, அறிந்தோ அறியாமலோ, இழந்த தலையை மீண்டும் ஒட்டிவைத்தனர் எனலாம்.

வணிகக் கூட்டத்துக்குத் தமிழிற் சாத்து என்று பெயர். கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சங்கச் செய்யுள்கள் காட்டும் உமணர், உப்பு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி மேட்டிலும் பள்ளத்திலும் சென்றவர். வழியில் அச்சு முறியுமென அஞ்சி வண்டியின் கீழே சேமவச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்ட செய்தி புறநானூற்றிற் காணப்படுவது. இன்றைய வானின் அடியில் தொங்கும் மேலதிகச் சில்லைக் காணும்போதெல்லாம் அச்சேமவச்சு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. 'வான்' என்பதற்கு ஈடாக ஒரு தமிழ்ச்சொல் தேடுவோர் சாத்தூர்தி என்று ஆக்கிக்கொள்ளலாம். ஆயினும் அதைச் சொல்லிச் சந்தியில் எவரும் வாடகை பேசப்போவதில்லை.

தமிழகத்தார் இதனை வேன் என எழுதுவர். நாம் வான் என எழுதுவோம். அவர்கள் லாரி என்பதை நாம் லொறி என்போம். ஆங்கில ஒலிகளை இருகரைத் தமிழரும் வெவ்வேறு உயிரெழுத்துகளாற் பிடித்துக்கொண்டதன் விளைவு இது. இதில் எது சரி, எது பிழை என வாதிடுவது வீண்.

யாழ்ப்பாணத்தில் மோட்டார் வண்டிகள் வருமுன்னர் வாடகைக்கு ஓடியது திருக்கல் எனப்பட்ட மாட்டுவண்டி. ஒரு மாடு பூட்டியது ஒற்றைத் திருக்கல். இரண்டு பூட்டியது இரட்டைத் திருக்கல். இவற்றோடு, கூடாரமிட்ட வண்டி கூடார வண்டியாகவும், வில் பொருத்தியது வில்லுவண்டியாகவும் வழங்கியது. இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வாடகைக்குப் பிடிப்பவன் அறிய விரும்பியன மூன்றே: இழுக்கும் வலு எவ்வளவு, மேலே மறைப்பு உண்டா, குலுக்கல் எவ்வளவு. டீசல் இயந்திரத்தின் பெயரையும் கூரையின் உயரத்தையும் குளிரூட்டியையும் விசாரிக்கும் இன்றைய வாடிக்கையாளன் கேட்பதும் இம்மூன்றையே. கோயிற் கொடியேற்றத்துக்கும் கலியாணத்துக்கும் வண்டி அமர்த்தியவர்கள் மாட்டுக்குத் தீனியும் வண்டிக்காரனுக்குச் சாப்பாடும் தம் பொறுப்பென ஏற்றனர். சாரதியின் 'பட்டா' என இன்று வழங்குவது இதன் தொடர்ச்சியே. பட்டா என்னும் சொல்லும் அரிசியைக் குறித்த இந்தியச் சொல்லொன்றிலிருந்து போர்த்துக்கேயர் வாய்வழி வந்து, கிழக்கிந்தியக் கம்பனிப் படைவீரரின் மேலதிகப் படியைக் குறித்து, ஈற்றில் நம் சாரதிமாரின் சட்டைப்பையை அடைந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். எனவே, வாடகை பேசும்போது பட்டாவைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பவர், சோறு யார் பொறுப்பு என்னும் மிகப் பழைய கேள்வியையே கேட்கிறார்.

இனி, இக்கட்டுரையில் விரிவாக நோக்கற்பாலதாகிய தட்டிவானுக்கு வருவோம். செவ்ரலே, போர்ட் முதலிய கம்பனிகளின் சட்டத்தையும் இயந்திரத்தையும் இறக்குமதி செய்து, அதன்மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தால் உடல் அமைத்துத் தந்ததே இவ்வண்டி. பக்கங்கள் திறந்தவை, மழை வந்தாற் படங்கை இறக்கி விடுவர். உள்ளே மரவாங்குகள். பின்புறத்திற் சங்கிலியாற் பிணைத்த பலகைத்தட்டி ஒன்று உண்டு. அதனை மேலே தூக்கினாற் கதவாகும். கீழே இறக்கினாற் தளமாகும். அத்தளத்தில் மூட்டை வைக்கலாம், கடகம் வைக்கலாம், இடமின்றேல் ஆளும் நிற்கலாம். வண்டியின் இயல்பு முழுவதும் அத்தட்டியிலேயே அடங்கியிருந்தமையால் மக்கள் அதன்பெயராலேயே வண்டியை அழைத்தனர்.

இதனை மக்கள் ஏன் பஸ் என்னாது வான் என்றனர்? பஸ் ஆட்களை ஏற்றுவது. தட்டிவானோ சந்தைக்குப் போகும் ஆளையும் அவருடைய சந்தைப் பொருளையும் பிரிக்காது ஏற்றியது. தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் கொடிகாமம், சாவகச்சேரிச் சந்தைகளிலிருந்து வடமராட்சிக்குப் போவதற்கு இத்தகைய வண்டி வேண்டியிருந்தது. கடகத்தோடு ஏறும் பெண், தானும் கடகமும் ஒரே வண்டியில் ஒரே இடத்திற் போய் இறங்கவேண்டும் என்பதையே விரும்பினாள். பொருளை லொறியிலும் தன்னைப் பஸ்ஸிலும் அனுப்புவதற்குரிய வசதி அவளிடம் இல்லை. சட்ட நூல் ஆட்களையும் பொருளையும் ஒருங்கே ஏற்றும் வாகனத்தைத் தனிவகையாக வரையறுத்தது. தட்டிவானை அமைத்த தச்சரோ சட்ட நூலைப் பார்க்காமலே அத்தேவையை நிறைவுசெய்திருந்தனர். கொடிகாமம்–பருத்தித்துறை வீதி இவ்வண்டிக்குப் பேர்போனது. 2009 இற் போர் முடிந்தபின்னரும் அவ்வீதியில் ஒன்றிரண்டு தட்டிவான்கள் ஓடக் கண்டவர் உளர். அவற்றின் வயதைக் கணக்கிட்டால் இந்நாட்டின் பெரும்பாலான அரசியலமைப்புகளினும் அவை மூத்தவை.

தட்டிவான் நிலைத்ததற்கு அரச கொள்கையும் ஒரு காரணமாக இருந்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் பஸ் ஓட்டம் தனியார் கையில் இருந்தது. ஒரே வீதியிற் பலர் போட்டியிட்டுப் பிரயாணிகளைப் பிடிக்க ஓடிய நிலையைக் கட்டுப்படுத்த 1942 இல் ஒம்னிபஸ் சேவை அனுமதிச் சட்டம் (47 ஆம் இலக்கம்) வந்தது. 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சேவைச் சட்டத்தின்படி 1958 ஜனவரி 1 ஆந் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. பிரதான வீதிகளிற் சபையின் பெரும் பஸ்கள் ஓடின. ஆயினும் நேர அட்டவணைக்குக் கட்டுப்பட்ட அப்பஸ்ஸில் பலாப்பழக் கடகத்தோடு ஏறுவது எளிதன்று. அந்த இடைவெளியிலேயே தட்டிவானும், ஊருக்கு ஊர் நின்ற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 முதலிய வாடகைக் கார்களும் வாழ்ந்தன.

அதே காலத்தில் வாகனத்தின் பெயர்த்தகடே அரசியற் களமாயிற்று. 1957 ஜனவரி முதற் புதிய வாகனங்களின் பதிவெண்ணோடு சிங்கள 'ஸ்ரீ' எழுத்துச் சேர்க்கப்பட்டது. 1958 மார்ச்சில் அவ்வெழுத்துத் தாங்கிய சபையின் பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அவ்வாண்டு மே மாதக் கலவரத்துக்கு முன்னான சூழ்நிலையில் அதற்கிருந்த இடமும் பலரும் எழுதியவை. ஈண்டு விரித்தல் வேண்டா. வண்டியில் எழுதப்பட்ட ஓர் எழுத்தின்பொருட்டு மனிதர் மோதிக்கொண்ட நாட்டில், வண்டிகளின் பெயர்களை அற்பமெனத் தள்ளிவிட இயலாது என்பதை மட்டும் சுட்டி மேற்செல்வோம்.

1977 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும், 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டதும் நம் வீதிகளின் தோற்றத்தை மாற்றின. மினிபஸ் என்னும் சொல் அக்காலத்திலேயே ஊர்வழக்காயிற்று. அதனோடு யப்பானிய வான்கள் வந்தன. இங்கிலாந்தின் கார்களை அவை இவ்வளவு விரைவில் வென்றமைக்குக் காரணங்கள் வெளிப்படை. யப்பானியரும் நம்மைப்போல வீதியின் இடப்புறத்தே ஓட்டுபவர். எனவே சுக்கானை மாற்றவேண்டியதில்லை. அந்நாட்டில் வாகனங்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை செலவுமிக்க கட்டாயப் பரிசோதனைக்கு உட்படவேண்டியிருத்தலால், நல்ல நிலையிலுள்ள பழைய வண்டிகளையே அவர்கள் கைவிட்டனர். அவை 'ரீகண்டிசன்' என்னும் பெயரோடு கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின.

ரொயோட்டாவின் ஹயஸ் யப்பானில் முதன்முதல் 1967 இல் வெளிவந்தது. இரண்டாந் தலைமுறை 1977 இலும், மூன்றாவது 1982 இலும், நான்காவது 1989 இலும், ஐந்தாவது 2004 இலும் தோன்றின. நம்மவர் இத்தலைமுறைகளை எண்ணாற் குறிப்பதில்லை. மூன்றாந் தலைமுறையை ஷெல் என்றும், நான்காவதை டொல்பின் என்றும், ஐந்தாவதைக் கே.டி.எச். என்றும் அழைக்கின்றனர். டொல்பின் என்பது வண்டியின் வழவழப்பான முகத்தை நோக்கி இடப்பட்ட பெயர்போலும். கடலோரத்தார்க்கு இவ்வுவமை எளிதில் வருவது. கே.டி.எச். என்பதோ யப்பானியப் பொறியியலாளரின் கணக்குக் குறி. கே.டி. என்பது அதிற் பூட்டிய டீசல் இயந்திர வரிசையையும், எச். என்பது ஹயஸ் என்னும் வண்டியையும் குறிக்கும். பழைய வண்டிகளின் எல்.எச். என்பதில் எல். என்பதும் இவ்வாறே இயந்திர வரிசையின் பெயர். ஒரு தலைமுறைக்குக் கடல்விலங்கின் பெயரையும் அடுத்த தலைமுறைக்கு இயந்திரத்தின் குறியையும் இட்ட மக்களின் மனமாற்றம் சிந்தனைக்குரியது. வாடகைக்கு ஓடுபவன் உருவத்தைவிட்டு உதிரிப்பாகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய காலம் அது என ஊகிக்கலாம்.

ஹைரூப், பிளாற் ரூப் என்னும் வேறுபாட்டின் பின்னால் யப்பானின் வரிச்சட்டம் நிற்கிறது. நீளம் 4.7 மீற்றரையும், அகலம் 1.7 மீற்றரையும், உயரம் 2 மீற்றரையும் மேவாத வண்டிகளே அந்நாட்டிற் சிறிய வகையுள் அடங்குவன. பொதுவான ஹயஸ் வானின் நீளம் 4.695 மீற்றர், அகலம் 1.695 மீற்றர், எல்லைக்கு அரைச் சென்ரிமீற்றர் உள்ளே நிறுத்தப்பட்ட அளவுகள் இவை. கூரையை உயர்த்தியவுடன் வண்டி அவ்வகையைக் கடந்து மேல்வகையைச் சேர்கிறது. கதிர்காம யாத்திரையிற் பின்னிருக்கையில் முழங்கால் மடக்கி இருக்கும் முதியவரின் இடநெருக்கடி, தோக்கியோவில் வகுக்கப்பட்ட ஓர் அளவின் விளைவு என்பதை அவர் அறியார். இதனிலும் சிறிய வான்களின் அளவும் அவ்வாறே. 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத இயந்திரமும் 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் அந்நாட்டுச் சட்டம் இட்ட வரம்புகள். 'சூப்பர் ஜி.எல்.' என்பது உட்புறம் சொகுசாக அமைந்த வகைக்குக் கம்பனியார் இட்ட பெயர். அதை இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல்லாகக் கருதி ஏமாறுவோர் உண்டு. ஆகவே எத்தனை பேர் போகவேண்டும் என்பதை எண்ணிற் சொல்லி, இருக்கைகளை நேரிற் பார்த்துப் பேசுதலே தக்கது. மடக்கு இருக்கைகளையும் சேர்த்துச் சொல்லும் எண் ஒன்று. மூட்டை முடிச்சுகளோடு உண்மையில் இருக்கக்கூடிய எண் வேறொன்று. களஆய்வுக்குப் புறப்படும் நம் மாணவர்க்கு இவ்வேறுபாடு அநுராதபுரத்தை அடையுமுன்னரே விளங்கிவிடுவது வழக்கம்.

போர்க்காலத்தைப் பேசாது இவ்வரலாறு முற்றுப்பெறாது. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்திற் கார்களும் வான்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருட் செலுத்தி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இதற்கு இசைந்தன. புதிய வண்டி நிற்கப் பழைய ஏ-40 புகைகக்கிக்கொண்டு ஓடிய காட்சி அத்தலைமுறையினர் மறக்கவொண்ணாதது. மதிப்பின் அளவுகோலே தலைகீழாயிற்று. 'ஓடுகிற வான்' என்பதே மிக உயர்ந்த வகையாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவிலோ வாடகை என்னும் சொல்லே பொருளற்றுப் போனது. கையிலிருந்த வண்டியே வண்டி. பெரும்பாலார்க்குக் கையிலிருந்தது துவிச்சக்கரவண்டி, அல்லது காலே.

2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் கொழும்பு–யாழ்ப்பாண வான் ஓட்டம் புத்துயிர் பெற்றது. முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, சோதனை முடித்து, மீண்டும் ஏறும் பயணம் அது. வெளிநாட்டு உறவினரை ஏற்றக் கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்தல் அக்காலத்தில் ஊர்தோறும் நிகழ்ந்தது. அதுவரை கலியாணத்தையும் கோயிலையும் நினைவூட்டிய வான், விமான நிலையத்தையும் பிரிவையும் நினைவூட்டத் தொடங்கிற்று. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்தபின்னரே பொதுமக்களுக்குத் திறந்தது.

வீதி மூடப்பட்ட அந்த ஆண்டுகளில் வானுக்கு இன்னொரு பொருளும் வலுப்பெற்றது. 'வெள்ளை வான்' என்று சொன்னால் இந்நாட்டில் எவரும் ஒரு வாகன வகையை நினைப்பதில்லை. 1980களின் இறுதியில் தென்னிலங்கைக் கிளர்ச்சிக்காலத்திலும், பின்னர் 2006 முதல் வடக்கு, கிழக்கிலும் கொழும்பிலும் இலக்கத்தகடற்ற வான்களில் ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. யப்பானிய வர்த்தக வான்களின் மிகப் பொதுவான நிறம் வெள்ளை. எங்கும் நிறைந்திருப்பதே அதனை எவர் கண்ணுக்கும் தனியே படாமற் செய்தது. 2016 இற் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியபோதும், தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் காத்திருப்பு முடிவுற்றதாகவில்லை. வானின் நிறத்தை வாடகைக்காரர் சாதாரணமாகக் கேட்கும்போது முதியவர் சிலர் ஒரு கணம் தயங்குவதற்குக் காரணம் இது. சொல்லகராதி எதுவும் இத்தயக்கத்தைப் பதிவதில்லை. வரலாற்று மாணவன் பதிதல் வேண்டும்.

ஈற்றில், பெயர்களுக்கிடையேயுள்ள இடைவெளியினால் யாருக்கு நட்டம் என்னும் கேள்விக்கு வருவோம். ஒருவர் தம் சொந்தப் பாவனைக்கென வான் வாங்குகிறார். பதிவில் அது இருபயன் வாகனம். காப்புறுதிப் பத்திரத்தில் 'சொந்தப் பாவனை' என எழுதப்படுகிறது. வாடகைப் பாவனைக்குக் கட்டணம் கூடுதலாதலால் அதை அவர் எழுதுவிப்பதில்லை. வார இறுதியில் அயலவருக்கு 'ஹயர்' ஓடுகிறார். ஹயர் என்னும் சொல் ஊர்வாயில் உதவிக்கும் வியாபாரத்துக்கும் இடைப்பட்ட ஒன்று. பணம் கைமாறினாலும் அதை வியாபாரமெனக் கொள்ளாத உறவுமுறை நம்மிடையே உண்டு. விபத்து நேராதவரை இதனால் இடரில்லை. நேர்ந்தபின்னர், வாடகைக்கு ஓடிய வண்டி சொந்தப் பாவனைப் பத்திரத்தில் இருந்தது எனக் காப்புறுதிக் கம்பனி சேதத்துக்குப் பணம்தர மறுக்கலாம். ஊரார் உதவி என்றதைச் சட்டம் வியாபாரம் என்கிறது. அவ்விரு சொற்களுக்கும் நடுவே அகப்பட்டவர் வண்டியின் கடனைக் கட்டி முடிக்காத ஓர் உரிமையாளர். ஏறிச்சென்றவர்களும் அப்பத்திரத்தை ஒருபோதும் பார்த்தவரல்லர்.

இதுபோன்றதே முழுவானையும் ஒருவர் பேசி அமர்த்துவதற்கும், ஆளுக்கு இவ்வளவெனக் காசு வாங்கி ஒரு வழியில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு. முன்னையது ஓர் ஒப்பந்தம். பின்னையது பஸ் சேவையின் இயல்புடையது. 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுச் சட்டத்தின் அனுமதி முறைக்குள் வருவது. ஒரே வண்டி காலையில் ஒன்றாகவும் இரவில் மற்றொன்றாகவும் இருக்க முடியும். 'போகமட்டும்' என்று பேசினாலும் இருவழிக் கட்டணம் கேட்கப்படுவதை அநியாயமெனக் குறைகூறுவோர், வெறுமையாகத் திரும்பும் வானும் டீசல் குடிக்கும் என்பதை எண்ணுதல் நன்று. திருக்கற்காரனும் வெறுவண்டியோடு திரும்பும் மாட்டுக்குத் தீனி போட்டவனே. காத்திருப்புக் கூலி, கிலோமீற்றர் கணக்கு, நாட்கணக்கு என்பவற்றுள் எது பேசப்பட்டது என்பதைப் புறப்படுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் அரிது. கோயிற் கணக்கையும் காணி உறுதியையும் அத்துணை நுணுக்கமாக எழுதிவைத்த சமூகம் வண்டிக்கூலியை மட்டும் வாய்ச்சொல்லில் விட்டது வியப்பே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025 பெப்ரவரியிலேயே சொந்த வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் புதிய வான் வராமையால், 1989 இல் வடிவமைக்கப்பட்ட டொல்பின் முப்பது வயதைக் கடந்தும் கலியாண வீடுகளுக்கு ஓடிற்று. கதவு வேறொரு வண்டியினது, இருக்கை உள்ளூர்த் தையற்காரர் தைத்தது, இயந்திரம் இருமுறை பிரித்துப் பூட்டியது. செவ்ரலேச் சட்டத்தின்மேல் மரவுடல் கட்டிய கொடிகாமத்துத் தச்சரின் தொழிலுக்கும் இவ்வொட்டுவேலைக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாகத் தெரியவில்லை. பதிவுப் புத்தகத்தில் மட்டும் அது இன்னும் அதே இருபயன் வாகனம்.